பழைய ஹைலக்ஸுக்குக் கியர் ஒயில் தெரிவு செய்வது எப்படி

ஒயில் கடையில் போய் “டபுள் கெப்புக்குக் கியர் ஒயில் வேணும்” என்று கேட்டால், மேசைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் முதற் கேள்வி பெரும்பாலும் “தொண்ணூறா, நூற்றிநாற்பதா?” என்பதாகவே இருக்கும். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. நாங்களும் ஆண்டுக்கணக்காக அப்படித்தான் கேட்டு வாங்கி வந்திருக்கிறோம். ஆனால் அந்த எண் ஒயிலின் தடிப்பை மட்டுமே சொல்கிறது. உள்ளே இருக்கும் உலோகத்தோடு அந்த ஒயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்வதில்லை. பழைய நான்கு சில்லு இழுவை வாகனத்தில் கியர் ஒயில் நிற்கும் அறைகள் நான்கு: கியர்பெட்டி, அதன் முதுகில் ஒட்டியிருந்து இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் பெட்டி, ஒவ்வோர் அச்சின் நடுவிலும் இருந்து இரு சில்லுகளுக்கும் சுழற்சியைக் கொடுக்கும் பின் டிப்ரென்சல், முன் டிப்ரென்சல். இந்த நான்கிலும் பற்கள் உரசும் விதமும் ஒன்றல்ல, பற்களோடு சேர்ந்து சுழலும் உலோகமும் ஒன்றல்ல. ஆகவே கடைக்குப் போகுமுன் தீர்மானிக்க வேண்டியது, வாங்கும் ஒயில் எந்த அறைக்குள் போகப்போகிறது என்பதைத்தான்.

இந்தக் குறிப்பை 1988 முதல் 1997 வரை வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸை, குறிப்பாக 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின் பூட்டிய எல்என்106 வகையை முன்வைத்து எழுதுகிறேன். வன்னியின் வயற் பாதைகளிலும், மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும், மன்னார்க் கரையில் படகு இழுக்கும் வேலையிலும் இந்த வாகனம் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னிடம் இருப்பதும் அதுதான். ஒருமுறை பின் டிப்ரென்சலில் இரைச்சல் கேட்கிறதென்று ஒரு கராஜில் விட்டபோது, என்னிடம் ஒரு சொல் கேட்காமல் நான்கு அறைகளிலும் 140 ஒயிலை நிரப்பி அனுப்பினார்கள். இரைச்சல் குறைந்தது என்னவோ உண்மை. அடுத்த வாரம் நுவரெலியாவில் ஓரிரவு தங்கி, விடியற்காலையில் வண்டியை எடுத்தபோது இரண்டாம் கியர் உள்ளே போக மறுத்தது. வற்புறுத்தித் தள்ளினால் பல் கடிக்கிற சத்தம் வந்தது. றம்பொடைக்கு இறங்கி வரும் வரை ஒவ்வொரு வளைவிலும் கிளச்சை இருமுறை மிதித்துத்தான் கியர் மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் காலைப்பொழுதுக்குப் பிறகுதான் ஒயில் போத்தலின் பின்பக்க எழுத்துக்களை வாசிக்கப் பழகினேன்.

கியர்பெட்டிக்குள் இருக்கும் பித்தளை வளையம்

கியர்பெட்டிக்கு ஒயில் தெரிவு செய்வதில் உள்ள சிக்கல் எல்லாம் ஒரு சிறு வளையத்தைச் சுற்றியே இருக்கிறது. கியர் மாற்றும்போது, வேறு வேகத்தில் சுழலும் இரு பகுதிகளை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது சிங்க்ரோ வளையத்தின் வேலை. இது பெரும்பாலும் பித்தளையால் அல்லது வெண்கலத்தால் ஆனது. உட்புறம் கூம்பு வடிவில் சரிந்து, அதில் மயிரிழை போன்ற நுண்ணிய வரிகள் வெட்டப்பட்டிருக்கும். நீங்கள் கியர்க் கம்பைத் தள்ளும்போது இந்த வளையம் உருக்குக் கூம்பின்மேல் அழுந்துகிறது. அந்த வரிகள் இடையிலுள்ள ஒயில் படலத்தை ஒரு கணத்தில் கிழித்து வெளியே தள்ளுகின்றன. பித்தளையும் உருக்கும் உராய்ந்து, ஒன்றின் வேகத்துக்கு மற்றது வந்து சேர்கிறது. பிறகுதான் பற்கள் பூட்டிக்கொள்கின்றன. சுருங்கச் சொன்னால், வழுக்கலுக்காக ஊற்றப்படும் ஒயிலுக்குள் இருந்துகொண்டு, வழுக்காமல் பிடிக்க வேண்டிய உறுப்பு இது.

இங்கே ஒயில் இரண்டு விதமாகக் கெடுதல் செய்யலாம். ஒயில் அளவுக்கு மிஞ்சித் தடிப்பாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அந்தப் படலம் விரைவாக விலகாது. வளையம் வழுக்கும், பல் கடிக்கும். எனக்கு நுவரெலியாவில் நேர்ந்ததில் பெரும் பங்கு இதுதான். இரண்டாவது கெடுதல் ஒயிலில் கலக்கப்படும் கந்தக, பொசுபரசுக் கூட்டுப்பொருட்களால் வருவது. கடுமையான அழுத்தத்தில் உருக்குப் பற்களைக் காப்பதற்காகச் சேர்க்கப்படும் இந்தப் பொருட்கள், சூடேறிய இடத்தில் உலோகத்தோடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலமொன்றை உண்டாக்குகின்றன. உருக்கின்மேல் அது நன்மை. பித்தளையின்மேல் அதே படலம் பிடித்து, ஒவ்வொரு கியர் மாற்றத்தின்போதும் உரிந்து, உரியும்போது அடியிலுள்ள மென்மையான பித்தளையையும் சிறிது சிறிதாகக் கொண்டுபோய்விடும் என்பதே பழைய மெக்கானிக்மாரின் பயம்.

ஏபிஐ எனப்படும் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் தர வரிசையில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று வரும் குறியீடுகள் இதனால்தான் முக்கியமாகின்றன. ஜிஎல்-5 ஒயிலில் மேற்சொன்ன அழுத்தக் காப்புப் பொருள் ஜிஎல்-4இல் இருப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். 5 என்பது 4ஐவிடப் பெரிது, ஆகவே உயர்ந்தது என்று நினைத்து வாங்குவோர் பலர். கியர் ஒயிலில் இந்த எண் வேலையின் வகையைத்தான் காட்டுகிறது. நியாயமாகச் சொல்வதானால், இன்றைய ஜிஎல்-5 ஒயில்கள் பலவற்றில் பித்தளை, செம்பு ஆகியவற்றைக் காக்கும் பொருளும் சேர்க்கப்படுகிறது. ஆகவே அரிப்புப் பற்றிய பழைய பயம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. குறையாமல் நிற்பது உராய்வுப் பிரச்சினை. ஜிஎல்-5 என்ற தரம் சிங்க்ரோ வளையம் சரியாகப் பிடிக்குமா என்பதைப் பற்றி எந்த உறுதியும் தருவதில்லை. அது எழுதப்பட்டதே வேறொரு உறுப்புக்காக.

அக்காலத்து ஹைலக்ஸ் கைநூல்கள் பலவற்றில் கியர்பெட்டிக்கு “ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5, 75டபிள்யூ-90” என்று இரண்டையும் அனுமதித்திருப்பதைக் காட்டி, எதை ஊற்றினாலும் ஒன்றுதான் என்று வாதிடுவோர் உண்டு. கைநூல் புதிய வளையங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. முப்பது வருடம் ஓடிய கியர்பெட்டியில் அந்த நுண்ணிய வரிகள் ஏற்கெனவே மழுங்கியிருக்கும். மீதமிருக்கிற பிடிப்பைக் காப்பாற்றுவதுதான் எங்கள் வேலை. ஆகவே என் தீர்மானம் எளிது: கியர்பெட்டிக்கு ஜிஎல்-4, 75டபிள்யூ-90. அது கிடைக்காத ஊரில் ஜிஎல்-4, 80டபிள்யூ-90. கையில் கிடைப்பது ஜிஎல்-5 மட்டும்தான் என்றால், சிங்க்ரோ பூட்டிய கியர்பெட்டிகளுக்கு உகந்தது என்று தயாரிப்பாளரே போத்தலில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குவேன். அப்படி எழுதியிராவிட்டால், இன்னும் ஒரு வாரம் பழைய ஒயிலிலேயே ஓடிவிட்டு, பட்டணத்திலிருந்து சரியானதைத் தருவிப்பேன்.

ஒயிலின்மேல் பழியைப் போடுமுன் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். வாகனத்தை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே கிளச்சை முழுவதுமாக மிதித்து, பத்து வினாடி வரை பொறுத்திருந்து ரிவேர்ஸில் போடுங்கள். பழைய கியர்பெட்டிகளில் ரிவேர்ஸுக்குச் சிங்க்ரோ இல்லாததால், அவ்வளவு நேரம் பொறுத்த பின்னும் பல் கடித்தால், கிளச் முழுதாக விலகவில்லை என்பதே பொருள். கிளச் சிலிண்டர் ஒழுகுவதைச் சரிசெய்யாமல் எந்த ஒயிலை மாற்றினாலும் பயனில்லை. ரிவேர்ஸ் அமைதியாக விழுந்து, இரண்டாம் கியர் மட்டும் கடித்தால், அந்தக் கியரின் வளையம் தேய்ந்திருக்கிறது; ஒயில் அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுமே தவிர, தேய்ந்ததைத் திரும்ப வளர்க்காது.

டிப்ரென்சலுக்கு எதிர்மாறான கணக்கு

பின் டிப்ரென்சலுக்குள் இருப்பது ஹைப்பொயிட் வகைப் பல்லமைப்பு. இதில் சுழற்சியைக் கொண்டுவரும் சிறு பற்சில்லான பினியனின் தண்டு, அதை வாங்கிச் சுழலும் பெரிய பற்சில்லான கிரவுன் சில்லின் நடுக்கோட்டுக்கு நேராக இல்லாமல் அதற்குக் கீழே தாழ்ந்து நிற்கிறது. இதனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல், நீளவாக்கில் இழுபட்டும் போகின்றன. ஒரு தொன் நெல் மூட்டையோடு ஏற்றத்தில் முதலாம் கியரில் நெரிக்கும்போது, அந்தப் பற்களுக்கிடையே எந்த ஒயில் படலமும் நின்றுபிடிக்காது. உலோகம் உலோகத்தைத் தொடும் அந்த நொடியில் காப்பது கந்தக, பொசுபரசுக் கூட்டுப்பொருளின் படலம் மட்டுமே. கியர்பெட்டியில் வேண்டாத விருந்தாளியாக இருந்தது இங்கே காவலாளி. ஆகவே முன், பின் டிப்ரென்சல் இரண்டுக்கும் ஜிஎல்-5தான். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. ஹைலக்ஸ் கைநூலும் டிப்ரென்சலுக்கு ஜிஎல்-5 ஹைப்பொயிட் ஒயிலை மட்டுமே சொல்கிறது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகைக்கு மேலே இருக்கும் நாடுகளுக்கு, அதாவது எங்களுக்கு, தடிப்பு 90.

இரண்டு தவறுகளையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. கியர்பெட்டிக்குள் ஜிஎல்-5 போனால் தீமை மெதுவாக, மாதக்கணக்கில் வரும்; கவனித்து மாற்றிவிடலாம். டிப்ரென்சலுக்குள் ஜிஎல்-4ஐ ஊற்றிப் பாரம் ஏற்றி மலையேறினால், பல்லின் முகம் உரிந்துபோக நெடுநாள் தேவையில்லை. உரிந்த கிரவுனும் பினியனும் சோடியாகத்தான் மாற்றப்பட வேண்டும். “ஒரே கானை வாங்கி எல்லாவற்றுக்கும் ஊற்றுவோம்” என்று சிக்கனம் பார்ப்பவர்கள், எந்தத் தவறின் விலை அதிகம் என்பதையாவது தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

பின் டிப்ரென்சல் எல்எஸ்டி வகையா, அதாவது ஒரு சில்லு மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகையா என்பதையும் பார்க்க வேண்டும். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த சில வாகனங்களில் அது இருக்கும். டிப்ரென்சல் கூட்டின்மேல் எல்எஸ்டி ஒயில் மட்டுமே பாவிக்கும்படி எச்சரிக்கும் ஒட்டியோ தகடோ இருக்கலாம், ஆனால் முப்பது வருடச் சேற்றில் அது அழிந்தும் போயிருக்கலாம். ஜக் வைத்துப் பின்சில்லு இரண்டையும் உயர்த்தி, முன்சில்லுகளுக்குத் தடை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு ஒரு சில்லைக் கையால் சுற்றுங்கள். மறு சில்லு எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிப்ரென்சல். அதே திசையில் சுற்றினால் எல்எஸ்டி. பின்னதற்கு, உராய்வைச் சீர்செய்யும் பொருள் கலந்த எல்எஸ்டி ஜிஎல்-5 ஒயிலையே ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் வளைவுகளில் பின்புறம் அதிர்ந்து முனகும்.

எண்களை வாசிப்பது

இப்போது 90க்கும் 140க்கும் வரலாம். கியர் ஒயிலின் எண்வரிசையும் எஞ்சின் ஒயிலின் எண்வரிசையும் வெவ்வேறு அளவுகோல்கள். 100 பாகை செல்சியஸில் கியர் ஒயில் 90இன் பாகுத்தன்மை 13.5 முதல் 18.5 சென்ரிஸ்ரோக் வரை. எஞ்சின் ஒயில் 40இனது 12.5 முதல் 16.3 வரை. அதாவது 90 என்று பயமுறுத்தும் கியர் ஒயில், எஞ்சினுக்கு ஊற்றும் 40க்கும் 50க்கும் இடைப்பட்ட தடிப்புத்தான். 140 என்பதோ 24 முதல் 32.5 வரை போகிறது. 90இன் தடிப்பை விட இரு மடங்குக்குக் கிட்ட. 2005க்கு முன்னர் 90 என்ற எண்ணின் மேல் எல்லை 24 வரை நீண்டிருந்தது. இடையில் 110 என்ற எண் புகுத்தப்பட்ட பிறகே அது சுருங்கியது. அந்தக் காலத்து 90 சில வேளைகளில் 140ஐ எட்டித் தொட்டது என்பதால், “முந்தி ஊற்றின தொண்ணூறு மாதிரி இப்ப இல்லை” என்று முதியவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

முன்னால் வரும் 75டபிள்யூ, 80டபிள்யூ, 85டபிள்யூ ஆகியவை குளிரில் ஒயில் எவ்வளவு இளகி நிற்கும் என்பதைக் குறிக்கின்றன. முறையே பூச்சியத்துக்குக் கீழ் 40, 26, 12 பாகைகளில் அவை சோதிக்கப்படுகின்றன. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் பூச்சியத்தை ஒட்டித் தரையில் உறைபனி படிவதைத் தவிர, அந்தக் குளிர் எங்களிடம் இல்லை. ஆகவே யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ ஓடும் வாகனத்துக்கு 75டபிள்யூவும் 80டபிள்யூவும் பெரிய வித்தியாசம் காட்டாது. மலையகத்தில் ஓடுகிறவருக்குக் காலையில் முதல் ஒரு கிலோமீற்றரில் கியர்க் கம்பு இலேசாக விழுவதில் 75டபிள்யூவின் அருமை தெரியும். 75டபிள்யூ-90 போன்ற அகன்ற வீச்சுள்ள ஒயில்கள் பெரும்பாலும் செயற்கை அல்லது பாதிச் செயற்கை அடிப்படை ஒயிலில் செய்யப்படுவதால் விலை கூடும். அந்தக் கூடுதல் விலையைக் கியர்பெட்டிக்குக் கொடுப்பதில் எனக்கு மனக்கசப்பு இல்லை. டிப்ரென்சலுக்குச் சாதாரண 80டபிள்யூ-90 போதும். ஒயில் சீல்கள் ஏற்கெனவே ஒழுகுகின்றன என்றால், விலையுயர்ந்த ஒயிலுக்கு முன் சீல்களுக்குச் செலவழியுங்கள்.

டிப்ரென்சலுக்கு 85டபிள்யூ-140 ஊற்றலாமா என்றால், நாள் முழுதும் பாரத்தோடு வெய்யிலில் ஓடும், பற்கள் தேய்ந்த வாகனத்துக்கு ஊற்றலாம். ஆனால் என்ன நோக்கத்தோடு ஊற்றுகிறோம் என்பதில் நேர்மை வேண்டும். தடித்த ஒயில் இரைச்சலை அமுக்குகிறது. இரைச்சலின் காரணத்தை, அது பெயாரிங் தேய்மானமோ பினியன் தளர்வோ, அப்படியே விட்டுவைக்கிறது. எரிபொருளும் சற்றுக் கூடுதலாகப் போகும். விற்பதற்காக 140 ஊற்றப்பட்ட வாகனங்களை நான் கண்டிருக்கிறேன். பழைய பிக்கப் வாங்கப் போகிறவர், டிப்ரென்சலின் நிரப்பு மூடியைக் கழற்றி விரலால் தொட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை.

போத்தலின் முகப்பில் இருக்கும் “சுப்பர்”, “ஹெவி டியூட்டி”, “ஈபி” என்ற சொற்களை வைத்துத் தரத்தைத் தீர்மானிக்க முடியாது. ஈபி என்றால் கடும் அழுத்தத்துக்கான காப்புப் பொருள் இருக்கிறது என்பது மட்டுமே. ஜிஎல்-4உம் ஈபிதான், ஜிஎல்-5உம் ஈபிதான். பின்புறத்தில் ஏபிஐ என்ற எழுத்துக்களுக்குப் பக்கத்தில் உள்ளதையே தேட வேண்டும். அங்கே எம்ரி-1 என்று மட்டும் இருந்தால் அது பேருந்து, கனரக லொறிகளின் சிங்க்ரோ இல்லாத கியர்பெட்டிகளுக்கானது, எங்களுக்கு வேண்டாம். எந்தக் குறியீடுமே இல்லாத, பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் ஒயிலை நான் தொடுவதில்லை.

ட்ரான்ஸ்பர் பெட்டி

இந்த ஹைலக்ஸில் ட்ரான்ஸ்பர் பெட்டி பற்சில்லுகளால் ஓடுவது. கைநூல் அதற்கும் கியர்பெட்டிக்குச் சொன்ன ஒயிலையே சொல்கிறது. அதே ஒயிலை ஊற்ற வேறொரு காரணமும் உண்டு. இரண்டு பெட்டிகளுக்கும் இடையில் நிற்கும் சீல் வயதானபின் கசியத் தொடங்கும். அப்போது வெளியே ஒரு சொட்டும் விழாமல், ஒயில் ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்கு நகர்ந்துவிடும். ட்ரான்ஸ்பர் பெட்டியின் மட்ட மூடியைக் கழற்றியதும் ஒயில் பொங்கி வழிந்து, பக்கத்திலேயே கியர்பெட்டியில் மட்டம் இறங்கியிருந்தால், நடந்தது அதுதான். இரண்டிலும் ஒரே ஒயில் இருந்தால் கலந்ததால் கேடில்லை. சீல் மாற்றும் வரை மட்டத்தை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே மற்ற வாகனக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கியர்க் கம்பு இருக்கிற வாகனத்துக்கெல்லாம் கியர் ஒயில்தான் என்று எண்ணக்கூடாது. அக்காலத்து இசுசு பிக்கப்புகள் பலவற்றில் கியர்பெட்டிக்கும் ட்ரான்ஸ்பருக்கும் குறிக்கப்பட்டிருப்பது எஞ்சின் ஒயில். பழைய லாண்ட்ரோவர் டிஃபெண்டரின் எல்ரி77 கியர்பெட்டிக்கு, தன்னியக்கக் கியர்பெட்டிகளுக்குரிய சிவந்த ஏடிஎஃப் திரவம். ஆனால் அதன் பின்னால் நிற்கும் ட்ரான்ஸ்பர் பெட்டிக்குக் கியர் ஒயில். எஞ்சின் ஒயிலோ ஏடிஎஃபோ குறிக்கப்பட்ட பெட்டிகளில் 90ஐ ஊற்றினால் குறுகிய ஒயில் வழிகளுக்குள் அது நேரத்துக்குப் போய்ச் சேராது. ஆகவே கைநூல் இல்லாதவர்கள், எஞ்சின் அறைக்குள் இருக்கும் தகட்டில் கியர்பெட்டி வகையையும் அச்சு வகையையும் குறித்துக்கொண்டு, அந்தக் குறியீட்டுக்குரிய ஒயிலைத் தேட வேண்டும். முன்பு வைத்திருந்தவர் கியர்பெட்டியையே மாற்றியிருக்கக்கூடும் என்பதையும் மறக்கக்கூடாது.

வடித்த ஒயில் சொல்லும் கதை

புதிய ஒயிலை வாங்குவதற்கு முன் பழையதைப் பார்ப்பது நல்லது. எதை வாங்குவது என்பதில் பாதி அங்கே தெரிந்துவிடும். பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடி ஒயிலைச் சூடாக்கி, சமதரையில் நிறுத்துங்கள். முதலில் மேலேயுள்ள நிரப்பு மூடியைக் கழற்றுங்கள், பிறகுதான் அடியிலுள்ள வடி மூடியை. இந்த ஒழுங்கை மாற்றி, ஒயிலை வடித்துவிட்ட பின் நிரப்பு மூடி கழறாமல் அதன் தலை மழுங்கி, வாகனத்தை அசைக்க முடியாமல் நின்றவர்களை நான் அறிவேன். மூடிகள் பெரும்பாலும் 24 மில்லிமீற்றர் ஸ்பனருக்குப் பொருந்தும். சுற்றி முழுதாகப் பிடிக்கும் சொக்கெற்றைப் பாவியுங்கள், திருகிச் சரிசெய்யும் ஸ்பனரை அதில் வைக்காதீர்கள்.

வடிந்ததில் ஒரு கரண்டி அளவை வெள்ளை எனாமல் தட்டில் ஊற்றி, ரோச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். என் கியர்பெட்டியிலிருந்து அந்த 140 ஒயில் வந்தபோது, தட்டைச் சற்று ஆட்டியதும் பொன் தூள் தூவியது போல ஒளிர்ந்தது. அது வளையங்களிலிருந்து போன பித்தளை. ஒரு சேர்விஸ் இடைவெளியில் சிறிதளவு மினுக்கம் இருப்பது இயல்புதான். ஒயில் முழுதும் பொன் கலந்த குழம்பாக இருந்தால் வளையங்களின் காலம் நெருங்குகிறது. காந்தம் பூட்டிய மூடியில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் நெருடும் சில்லுகளோ பல்லின் துண்டுகளோ இருந்தால் ஒயில் கடைக்குப் போகாமல் மெக்கானிக்கிடம் போங்கள். பால் தேநீர் நிறத்தில் கலங்கியிருந்தால் நீர் புகுந்திருக்கிறது.

நீர் புகுவது எங்கள் நிலத்தில் அரிதல்ல. ஓடிச் சூடேறிய டிப்ரென்சல் ஆற்று நீருக்குள் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று திடீரெனச் சுருங்கி, மூச்சுக்குழல் அடைபட்டிருந்தால் சீல்களின் வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மாரிகாலத்தில் வயலுக்குள்ளோ கடற்கரையிலோ இறங்கும் வாகனத்துக்கு, டிப்ரென்சல் மூச்சுக்குழலுக்கு ஒரு ரப்பர்க் குழாய் பூட்டி உயரத்தில் கட்டிவிடுவது, எந்த விலையுயர்ந்த ஒயிலையும்விடப் பயன் தரும். கலங்கிய ஒயிலை வடித்தால், மலிவான ஜிஎல்-5 ஒன்றை நிரப்பிச் சில நூறு கிலோமீற்றர் ஓடி, அதையும் வடித்துவிட்டு, பிறகு நல்ல ஒயிலை ஊற்றுவது என் வழக்கம்.

முன் டிப்ரென்சலை எல்லோரும் மறந்துவிடுவார்கள். முன்சில்லுகளை அச்சோடு பூட்டும் ஹப்புகள் விடுபட்ட நிலையில் ஓடும்போது அது சுழலுவதில்லை; ஒயில் கறுக்காமல் புதிது போலவே இருக்கும், ஆனால் நீரும் துருவும் சேரும், சீல்கள் காயும். மாதத்தில் ஒருமுறை மண் பாதையில் நான்கு சில்லு இழுவையைப் போட்டுச் சில கிலோமீற்றர் ஓடினால் ஒயில் எல்லா இடமும் போய்ச் சேரும். தார் வீதியில் அதைச் செய்யக்கூடாது. விறைத்த முன் அச்சுள்ள வகையில், சில்லுக்குப் பின்னால் உள்ள உருண்டைக் கூட்டுக்குள் இருக்க வேண்டியது கிறீஸ். அங்கிருந்து கறுத்த திரவமாக வழிந்தால், உட்சீல் போய் டிப்ரென்சல் ஒயில் கிறீஸோடு கலக்கிறது. மட்டத்தை நிரப்பிக்கொண்டேயிருப்பது அதற்கு வைத்தியமல்ல.

நிரப்பும்போது அளவுக் கணக்கைவிடத் துளையின் கீழ் விளிம்பை நம்புங்கள். கைப்பம்பினால் ஒயிலை ஏற்றி, விளிம்பைத் தாண்டி வழியத் தொடங்கியதும் நிறுத்தி, வழிவது சொட்டாகக் குறையும் வரை பொறுத்து, புதிய வொஷரோடு மூடியை இறுக்குங்கள். கியர்பெட்டிக்கான கைப்பம்பில் ஜிஎல்-5 எச்சம் இருந்தால் முதலில் அதைத் துடைத்துவிடுங்கள், அல்லது கியர்பெட்டியையும் ட்ரான்ஸ்பரையும் முதலில் முடித்துவிட்டு டிப்ரென்சலுக்குப் போங்கள். வடித்த ஒயிலைக் கானில் அடைத்து, கழிவு ஒயில் எடுப்பவரிடமே கொடுக்க வேண்டும். சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றியது கிணற்றுக்குத்தான் போகும் என்பதை, கிணற்று நீரில் ஒயில் கலந்ததைக் கண்ட சுன்னாகத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, அல்லது நீரில் இறங்கிய வாரத்திலேயே, நான்கையும் திறந்து பார்க்கிறேன். எந்த அறைக்கு எந்த ஒயில், எந்தத் திகதியில் ஊற்றியது என்பதை ஒரு மட்டையில் எழுதி, பொனற்றின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கியர்பெட்டி என்ற வரிக்கு எதிரே “ஜிஎல்-4 மட்டும், 140 வேண்டாம்” என்று சிவப்பு மையில் இருக்கிறது. வாகனத்தை வேறு கராஜில் விடும் நாளில், திறப்போடு அந்த வரியையும் காட்டிவிட்டுத்தான் வருவேன்.